பதினொரு மாத உயர்தரம்: ஊவாவின் தனியார் பரீட்சார்த்திகள்

பதுளைப் பகுதியின் கல்வி வரலாற்றை எழுத வருபவர்கள் பெரும்பாலும் பாடசாலைகளிலிருந்தே தொடங்குகிறார்கள். எந்த வருடம் ஓலைக் கொட்டில், எந்த வருடம் கல் கட்டடம், முதல் அதிபர் யார், முதன்முதலில் பல்கலைக்கழகம் போன மாணவர் யார் என்று அது போகும். மலர்களுக்கு அப்படியான கட்டுரைகள் இரண்டு மூன்று நானும் எழுதியிருக்கிறேன். அவற்றில் எதிலும் இடம்பெறாத ஒரு கூட்டம் உண்டு. பரீட்சை எழுதினார்கள், சித்தியடைந்தார்கள், சிலர் பட்டமும் பெற்றார்கள். ஆனால் உயர்தர வகுப்பில் அவர்களுடைய பெயர் எந்த வரவு இடாப்பிலும் இல்லை. எனவே எந்தப் பாடசாலையின் வரலாற்றிலும் இல்லை. பரீட்சைத் திணைக்களம் இவர்களுக்கு வைத்த பெயர் தனியார் பரீட்சார்த்திகள்.

1999 ஆகஸ்டில் பதுளை நகரத்துப் பரீட்சை மண்டபம் ஒன்றில் நான் அவர்களில் ஒருவனாக உட்கார்ந்திருந்தேன். வெள்ளைச் சீருடை ஒன்றுகூட இல்லாத மண்டபம் அது. எனக்கு முன்னால் தாடி வைத்த மௌலவி ஒருவர். வலப்பக்கம் தோட்டத்து ஸ்டோரில் வேலை செய்த என் நண்பர். தேயிலைத் தூள் மணம் அவருடைய சட்டையை விட்டுப் போவதே இல்லை. பின்னால் இரண்டு பிள்ளைகளின் தாய் ஒருவர். அனுமதி அட்டையையும் அடையாள அட்டையையும் மேசையில் வைத்துவிட்டு எல்லோரும் பேசாமல் இருந்தோம். ஒருவருக்கும் முறையான ஆசிரியர் என்று ஒருவர் இல்லை. எங்களைப் பொறுத்தவரை அந்த வினாத்தாள்தான் ஆசிரியர்.

அந்த மண்டபம் எப்படி உருவானது என்பதைச் சொல்ல வேண்டுமென்றால் தோட்டத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம்தான் தோட்டப் பிள்ளைகளின் படிப்பைத் துரைமாரின் பொறுப்பில் விட்ட முதற் சட்டம். ஆறு வயதிலிருந்து பத்து வயது வரையான பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லிக் கொடுத்தால் போதும் என்பது அதன் எண்ணம். பத்து வயதுக்குப் பிறகு பிள்ளை மலைக்குப் போய்விடும் என்பது யாரும் எழுதி வைக்கத் தேவையில்லாத விதி. 1945இல் இலவசக் கல்வி வந்தது. கன்னங்கராவின் பெயரை நாங்கள் எல்லோரும் நன்றியோடு சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். ஆனால் அந்த வெளிச்சம் லயங்களுக்கு வந்து சேர அடுத்த தலைமுறை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1960, 61இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோதும் தோட்டப் பள்ளிகள் வெளியேதான் நின்றன. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் வந்து, தோட்டங்கள் அரசின் கைக்குப் போன பின்னர், 1977ஐ ஒட்டித்தான் பள்ளிகளைப் பொறுப்பேற்கும் வேலை தொடங்கியது. அப்படிப் பொறுப்பேற்றவையும் அநேகமாக ஓராசிரியர் பள்ளிகள். ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும்.

ஐந்தாம் வகுப்புக்கு மேலே படிக்க நினைத்தவன் என்ன செய்தான்? ஹாலிஎலைக்கு அருகே ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934இல் பிறந்த தெளிவத்தை ஜோசப்பைப் பாருங்கள். தகப்பனார் தோட்டத்துப் பள்ளி ஆசிரியர். ஆசிரியர் வீட்டுப் பிள்ளைக்கே மேலே படிக்கக் கடல் தாண்டிக் கும்பகோணம் போக வேண்டியிருந்தது. அங்கே மூன்று வருடம் படித்துவிட்டு வந்துதான் பதுளை புனித பேதுஸ் கல்லூரியில் சேர்ந்தார். பிறகு தெளிவத்தைத் தோட்டத்தில் வேலை. அந்தத் தோட்டத்தின் பெயரே அவருடைய எழுத்துப் பெயராகிவிட்டது. அவர் ஆசிரியர் மகன். கொழுந்து பறிப்பவளின் மகன் எந்தக் கடலைத் தாண்டுவான்?

தோட்டச் சந்திகளில் கடை வைத்திருந்த எங்கள் ஆட்களின் நிலைமை கொஞ்சம் வேறு. பள்ளிக்கூடத்துக்கு பஸ் காசு இருந்தது, கடையில் ஆள் இல்லை. பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் பாதையில் ஒரு சந்தியில் வாப்பாவுக்குக் கடை. தோட்டத்து ஆட்களுக்கு அது ‘நானா கடை’. சாதாரண தரம் முடிந்ததும் வாப்பா சொன்னார், “மகன், படிச்சது போதும், இனி கடயப் பாருங்கொ.” கோபத்தில் சொன்னதல்ல. அவருக்கு அது உலக நியதி. எங்கள் சமூகத்தில் கடை பல பிள்ளைகளுக்குச் சோறு போட்டது. அதே கடை பல பிள்ளைகளின் படிப்பையும் நிறுத்தியது. மர்ஹூம் ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்கள் 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தொடங்கியபோது, வறுமையால் படிப்பை விடும் பிள்ளையை மனதில் வைத்திருந்தார். வறுமை இல்லாமலே படிப்பை விடும் பிள்ளைக்கு எந்த நிதியும் கிடையாது.

சுயமாகப் படித்து உயர்தரம் எழுதலாம் என்ற நினைப்புக்கே ஒரு வரலாறு உண்டு. கேம்பிரிட்ஜ் சீனியர், லண்டன் மெட்ரிகுலேசன் காலத்திலும் தபால் மூலம் படித்துப் பரீட்சை எழுதியவர்கள் நாட்டில் இருந்தார்கள். அவர்கள் எல்லோரும் ஆங்கிலம் தெரிந்தவர்கள். 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் வந்த பிறகும் அதன் வாசல் ஆங்கிலத்தில்தான் திறந்தது. 1960களின் தொடக்கத்தில் கலைத்துறை சுயமொழிக்கு மாறியபோதுதான், தமிழ் மட்டுமே தெரிந்த ஒருவர் வீட்டில் இருந்தபடி படித்துப் பல்கலைக்கழகம் வரை போகலாம் என்ற பாதை திறந்தது. வெளிவாரிப் பட்டங்களும் அந்தப் பத்தாண்டிலேயே பரவின. 1980இல் திறந்த பல்கலைக்கழகம் வந்தது. ஆக ஊவாவில் ‘தானே படித்து ஏ.எல். எடுத்தவர்’ என்ற மனிதர் மிகப் புதியவர். ஒரு தலைமுறைக்கு முந்தி அப்படி ஒருவர் இருந்திருக்கவே முடியாது.

இந்த மனிதரைப் பற்றிக் கல்வியியலாளர்கள் எல்லோரும் நல்லதாகவே சொன்னார்கள் என்றில்லை. ஆங்கிலேய சமூகவியலாளர் ரொனால்ட் டோர் 1976இல் வெளியிட்ட ‘டிப்ளோமா டிசீஸ்’ என்ற நூலில் பிரித்தானியா, ஜப்பான், கென்யா ஆகியவற்றோடு இலங்கையையும் எடுத்து ஆராய்ந்தார். பிந்தி வளரத் தொடங்கும் நாடுகளில் படிப்பு சான்றிதழுக்காகவே நடக்கிறது, அறிவு ஓரமாகிவிடுகிறது என்பது அவர் வாதம். தோட்டத்துக் கல்வியைப் பற்றி ‘லேபரிங் டு லேர்ன்’ என்ற முக்கியமான நூலை 1999இல் எழுதிய அஞ்சலா லிட்டிலும் இந்த ஆராய்ச்சி மரபில் வந்தவரே. டோர் சொன்னது சரியென்றே நினைக்கிறேன். நாங்கள் சான்றிதழுக்காகத்தான் படித்தோம். ஆனால் சான்றிதழை நோய் என்று சொல்ல, ஒருவரிடம் முதலில் சான்றிதழ் இருக்க வேண்டும்.

இனி அந்தப் பதினொரு மாதத்துக்கு வருகிறேன். என் பாடசாலையில் என்னை அறிமுகப்படுத்தும்போதெல்லாம் “பதினொரு மாசத்துல ஏ.எல். எடுத்த சேர்” என்று சொல்வார்கள். மாணவர்களின் கண் அகலும். அந்தக் கதையின் உட்புறத்தை இதுவரை நான் எழுதவில்லை.

1998 செப்டெம்பரில் தொடங்கினோம், நானும் ஸ்டோர் நண்பரும். அவர் என்னைவிட நாலு வயது மூத்தவர். நாலு பாடம் எழுதிய கடைசித் தொகுதிகளில் எங்களுடையதும் ஒன்று. 2000ஐ ஒட்டி அது மூன்றாகக் குறைந்தது. தமிழ், அரசியல் விஞ்ஞானம், புவியியல் மூன்றும் இருவருக்கும் பொது. நாலாவது எனக்கு இஸ்லாமிய நாகரிகம், அவருக்கு இந்து நாகரிகம். ஏன் இந்தப் பாடங்கள்? விருப்பத்தால் எடுத்தோம் என்று சொன்னால் பொய். ஆய்வுகூடம் வேண்டாத பாடங்கள் இவைதான். குறிப்புக் கொப்பிகள் கைமாறிக் கைமாறி வந்து சேரக்கூடிய பாடங்களும் இவைதான். எங்கள் கையில் வந்த அரசியல் விஞ்ஞானக் கொப்பி அதற்கு முன் எத்தனை பேரிடம் இருந்ததோ, மூன்று விதமான கையெழுத்து அதில் இருந்தது.

வழி எளிமையானது. கடந்தகால வினாத்தாள்களைச் சேர்த்தோம். எந்த வினா எத்தனை வருடத்துக்கு ஒருமுறை திரும்பி வருகிறது என்று கடையின் பழைய கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் அட்டவணை போட்டோம். பாடத்திட்டத்தில் பாதியை வெட்டி எறிந்தோம். மிச்சத்தை மூன்று முறை எழுதிப் பார்த்தோம், வாசிக்கவில்லை, எழுதினோம். இரவில் கடை அடைத்த பிறகு ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை, கடையின் பின்னறையில். அவருடைய லயத்தில் அப்போது மின்சாரம் இல்லை. குப்பி லாம்பில் படித்தால் புகை கண்ணைக் கரிக்கும் என்பதால்தான் கடைக்கு வந்தார். சீனி மூட்டையில் சாய்ந்து தொல்காப்பியம் படித்த மனிதரை நான் வேறு எங்கும் கண்டதில்லை.

இப்னு ஸீனா தம் வாழ்க்கைக் குறிப்பில் சொன்ன செய்தியை இந்த இதழின் வாசகர்கள் அறிவார்கள். அரிஸ்டாட்டிலின் மெய்யியல் நூலை நாற்பது தடவை வாசித்தும் அதன் நோக்கம் விளங்கவில்லை. ஒருநாள் புத்தகக் கடைத்தெருவில் மூன்று திர்ஹத்துக்குக் கிடைத்த பாராபியின் சிறு நூல்தான் அதைத் திறந்து விட்டது. சுயகல்விக்கு உதாரணமாக அவரைக் காட்டுவது நம் மேடைகளில் வழக்கம். எனக்கு அந்தக் கதையில் தெரிவது வேறு. அந்த மேதைக்கே பாராபி வேண்டியிருந்தார். பாராபி விற்கும் கடைத்தெரு ஒன்றும் வேண்டியிருந்தது. பதுளை பஜாரில் அன்றைக்கு எங்களுக்குக் கிடைத்தது வினாவிடைப் புத்தகம்.

எங்களுக்குப் பாராபி கிடைக்காத இடம் புவியியல். இடவிளக்கப் படத்தைப் பார்த்துச் சமவுயரக் கோடுகளிலிருந்து மலையையும் பள்ளத்தையும் வாசிக்க வேண்டும். நமுனுகுல மலை கடை வாசலிலேயே நிற்கிறது. மலையோடு பிறந்து வளர்ந்த எங்கள் இருவருக்கும் தாளில் இருந்த மலை விளங்கவில்லை. குறிப்பில் எழுதியிருந்ததை மனப்பாடம் செய்தோம். மனப்பாடத்தால் வரைபடத்தை வாசிக்க முடியாது.

இதற்கிடையே நண்பருக்கு இன்னொரு பரீட்சை இருந்தது. தனியார் பரீட்சார்த்திக்கு அதிபர் கிடையாது. அன்று பத்திரிகையில் வந்த மாதிரிப் படிவத்தைப் பார்த்து விண்ணப்பத்தை நிரப்பி, தானே கையெழுத்துக்கு அலைந்து, தானே அனுப்ப வேண்டியிருந்தது. மண்டபத்தில் ஆளை அடையாளம் காட்ட தேசிய அடையாள அட்டை வேண்டும். தோட்டத்தில் இருப்பவர் அதை தோட்டத்துரை மூலமாகத்தான் எடுக்க வேண்டும். அதற்குப் பிறப்புச் சான்றிதழ். நண்பருடைய சான்றிதழில் தகப்பன் பெயர் ஒன்று, பள்ளிக்கூடப் பதிவில் வேறொன்று. பிறப்பைப் பதியப் போன கங்காணி வாயில் வந்ததைச் சொல்லியிருந்தார். இதைச் சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். 1964 சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. 150,000 பேரின் கதியைப் பிறகு பார்ப்போம் என்று விட்டது. நாடற்றவர் கணக்கை முடிக்க 1988இலும், 2003இலும் சட்டங்கள் தேவைப்பட்டன. அந்தக் குடும்பங்களில் ஒரு காகிதத்தின் எழுத்துப்பிழை ஒரு மனிதனை எங்கேயும் அனுப்பிவிடக்கூடியது. அந்தப் பெயரைத் திருத்த நண்பர் ஏழு நாள் வேலையை விட்டார். ஏழு பேர் போயிற்று. தோட்டத்தில் ஒருநாள் வேலைக்குப் பெயர் ‘பேர்’.

எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த மௌலவியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தனியார் பரீட்சார்த்தியின் வரலாற்றில் மத்ரஸாவுக்குத் தனி அத்தியாயம் உண்டு. ஓதி முடித்து வெளியே வருபவரிடம் அறிவு இருந்தது, அரசாங்கம் ஏற்கும் காகிதம் இல்லை. பரீட்சைத் திணைக்களம் நடத்தும் அல் ஆலிம் பரீட்சை ஒரு பாலம். 1973இல் பேருவளையில் மர்ஹூம் நளீம் ஹாஜியார் நிறுவிய ஜாமிஆ நளீமிய்யா இன்னும் துணிந்து, மார்க்கக் கல்வியையும் பல்கலைக்கழகப் பட்டத்தையும் ஒரே கூரையின் கீழ் கொண்டு வந்தது. ஆனால் சிறிய மத்ரஸாக்களில் ஓதியவர்கள் பலர் தாங்களே ஏ.எல். எழுதிக் கொண்டார்கள், பெரும்பாலும் ஒரே வருடத்தில். எப்படி முடிந்தது என்று அந்த மௌலவியிடம் கேட்டேன். “நாங்க ஏழு வருஷம் ஒரு எடத்துல ஈந்து ஓதப் பழகினவங்க தம்பி. எங்களுக்கு ஒரு வருஷம் படிக்கிறது பெரிய விஷயமில்ல” என்றார். பிந்தித்தான் எனக்கு விளங்கியது. அவர் ஒரு வருடத்தில் படிக்கவில்லை, எட்டு வருடத்தில் படித்திருக்கிறார்.

பெறுபேறு வந்தது. எங்கள் இருவருக்கும் நாலு பாடமும் சித்தி. சந்தி முழுக்கப் பேச்சு. வாப்பா கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் தேநீர் கொடுத்தார். கதை சொல்பவர்கள் இந்த இடத்தோடு நிறுத்திவிடுவார்கள். புவியியலில் எனக்குக் கிடைத்தது வெறும் எஸ். மொத்தப் புள்ளி பல்கலைக்கழகத்துக்குப் போதவில்லை. 1970களிலிருந்து மாவட்ட ஒதுக்கீடு இருக்கிறது. பதுளை பின்தங்கிய மாவட்டம் என்பதால் எங்களுக்கு வெட்டுப்புள்ளி குறைவு. அப்படியும் எட்டவில்லை. அடுத்த தடவைக்கு முன் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நாலு சனிக்கிழமை என்னைப் பக்கத்தில் இருத்தி வரைபடம் வாசிக்கக் கற்றுத் தந்தார். விரலைப் பிடித்துக் கோட்டின் மேல் நகர்த்திக் காட்டினார். பதினொரு மாதத்தில் வராதது நாலு காலைகளில் வந்தது. அந்தப் பெறுபேற்றில்தான் நான் பல்கலைக்கழகம் போனேன், தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்தேன். ஆகவே பதினொரு மாதம் என்பது பாதி உண்மை. நண்பர் இரண்டாம் தடவை எழுதவில்லை. அந்தச் சான்றிதழோடு பிறகு ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியரானார்.

இன்று இது இன்னும் கடுமை. 2001ஆம் ஆண்டுப் பரீட்சையிலிருந்து இசட் புள்ளி வந்துவிட்டது. பல்கலைக்கழக அனுமதியில் 40 சதவீதம் நாடளாவிய திறமைக்கு, 55 சதவீதம் மாவட்டங்களுக்கு, 5 சதவீதம் பதுளை உட்படப் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அனுமதிக்குக் கணக்கெடுக்கப்படுவது மூன்று தடவைகள் மட்டுமே. அவசரப்பட்டு அரைகுறையாக எழுதுகிறவர் நேரத்தைச் சேமிக்கவில்லை, மூன்றில் ஒன்றைச் செலவழிக்கிறார். இதை என் மாணவர்களிடம் சொல்லும்போது அவர்கள் என்னை நம்புவதில்லை. “நீங்க மட்டும் எடுத்தீங்கதானே சேர்?”

இன்னொரு கணக்கும் உண்டு. தனியாகப் படித்தவர்கள் எல்லோரும் கலைத்துறை. அந்த மண்டபத்திலிருந்து ஆசிரியர்கள் வந்தார்கள், கிராம சேவகர்கள் வந்தார்கள், மௌலவி ஆசிரியர்கள் வந்தார்கள். ஒரு வைத்தியர் வரவில்லை, ஒரு பொறியியலாளர் வரவில்லை. குப்பி லாம்பு வெளிச்சத்தில் இரசாயனவியல் செய்முறை செய்ய முடியாது. ஊவாவில் தமிழ்மொழி மூல விஞ்ஞான, கணித உயர்தர வகுப்புகள் இன்றும் விரல்விட்டு எண்ணக்கூடியவை. எங்களைப் போன்றவர்களை மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்தும்போது ஒரு சங்கடம் எனக்கு உண்டு. தானே படித்து வந்தவனைக் காட்டினால், வகுப்பு ஏன் இல்லை என்ற கேள்வி யாருக்கும் எழாமல் போய்விடுகிறது. 2014, 15இல் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரிய உதவியாளர்களை எடுத்தார்கள். தகுதி உயர்தரம். மாதக் கொடுப்பனவு 6,000 ரூபா, பிறகு 10,000. உயர்தரத்தை எவ்வளவு வேகமாக முடித்தாலும் அரசாங்கம் அதற்குப் போட்ட விலை அதுதான்.

அப்படி நியமனம் பெற்றவர்களில் ஒருத்தி என் நண்பருடைய அக்காவின் மகள். போன டிசம்பரில் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். லயத்திலிருந்து தனி வீட்டுக்கு மாறியிருந்தார்கள். நண்பரும் நானும் பழைய கதை பேசிக்கொண்டிருந்தோம், சீனி மூட்டை, குப்பி லாம்பு, மூன்று கையெழுத்துக் கொப்பி. அக்கா தேநீர் கொண்டு வந்து வைத்தார். எழுபத்தெட்டு, எழுபத்தொன்பது என்று எங்கள் புள்ளிகளைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில், அவரும் ஒரு கணக்குச் சொன்னார். அந்தப் பதினொரு மாதமும் தம்பி இழந்த பேருக்காக அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் கைக்காசுக்குக் கொழுந்து எடுத்திருக்கிறார், ஒரு ஞாயிறு விடாமல். எனக்கு அது தெரியாது. நண்பருக்கும் முழுதாகத் தெரிந்திருக்கவில்லை.

“நீங்க படிச்சீங்க தம்பி, நான் ரெண்டு மலை கூட ஏறுனேன், அவ்வளவுதான்” என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் நானும் எண்ணிப் பார்த்தேன். இரவு ஒன்பது மணிக்கு நான் கொப்பியைத் திறக்கும்போது, கடையில் மூட்டைகளை இறக்கி, கணக்கை முடித்து, காலையில் பாண் வாங்க நாலு மணிக்கு எழும்பியது என் தம்பி. அப்போது அவனுக்குப் பதினைந்து வயது. ஓ.எல். எழுதவில்லை. இப்போதும் கடையில்தான் இருக்கிறான்.